பியூகிள் கயிற்றுக்கு நிறம் தேடியது

சாமான் அறைச் சாவியைப் புதிதாக வாங்கியிருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரக்கூடியது அதிகம் இல்லை. பெல்ட்டுக்கு மெருகு போடுவது, கம்பளியில் பூச்சி விழாமல் மடித்து வைப்பது இதையெல்லாம் உங்கள் இன்ஸ்பெக்டர் சொல்லித் தருவார். அவர் சொல்லாவிட்டால் பூச்சி சொல்லித் தரும். பாளையங்கோட்டை ரிசர்வ் போலீஸ் லைனில் என் உத்தியோகத்தில் பாதிக்கு மேல் அந்த அறைக்குள்தான் கழிந்தது. துப்பாக்கி பிடித்ததைவிடத் துணி பிடித்ததுதான் அதிகம். அதைச் சொல்லி என்னைக் கேலி செய்தவர்கள் பலர். செய்துவிட்டுப் போகட்டும். துப்பாக்கியால் வருகிற தொந்தரவு ஊருக்கே கேட்கும். ஒரு கயிற்றால் வருகிற தொந்தரவு ஸ்டோர் ஏட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கயிறு என்று நான் சொல்வது பியூகிள் என்கிற ஊதுகொம்பில் சுற்றித் தோளில் மாட்டுகிற கயிற்றை. இரண்டு முனையிலும் குஞ்சம் தொங்கும். அதற்கு வேலை ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஊதுவது பித்தளை, கயிறு வெறும் அழகு. ஆனால் அணிவகுப்பில் எல்லார் கண்ணும் முதலில் போய் நிற்பது அந்த அழகின் மேல்தான்.

மாடசாமியை எனக்குத் தெரியவந்ததே ஒரு கயிற்றால்தான். வள்ளியூர்ப் பக்கத்துப் பையன், அப்போதுதான் பியூகிள் ஊதப் பழகி முடித்திருந்தான். கலெக்டர் பார்வையிட வருகிறார் என்று எங்கள் இன்ஸ்பெக்டர் தாமே கடைவீதிக்குப் போய் நல்ல சிவப்பில் ஒரு கயிறு வாங்கி வந்தார். பார்க்க ஜோராக இருந்தது. ஐப்பசி மாதம். கலெக்டர் வண்டியை விட்டு இறங்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. மாடசாமி வெள்ளை உடுப்போடு நின்று ஊதுகிறான், தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் சிவப்பு ஒழுகுகிறது. கூட வந்த துரைசானி, பையனை யாரோ சுட்டுவிட்டார்கள் என்று கத்தியே விட்டாள். பையன் நிறுத்தவில்லை. ஊத வேண்டியதை முழுக்க ஊதிவிட்டுத்தான் பியூகிளை இறக்கினான்.

பிறகு சாமான் அறைக்கு வந்து அந்த உடுப்பை என் மேஜையில் போட்டான்.

"ஏட்டய்யா, என்னைய உசுரோட பலி குடுத்திட்டியள்லா?" என்று சொல்லிச் சிரித்தான்.

"நான் குடுக்கலலே, உங்க இன்ஸ்பெக்டர் குடுத்தாரு. போயி அவருகிட்டயே துவைக்கப் போடு."

அன்றிலிருந்து சாயம் போட்ட எந்தச் சாமானையும் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்க்காமல் நான் வெளியே விட்டதில்லை. நீங்களும் விடாதீர்கள். இது சின்னப் பாடம், சிரித்துக்கொண்டே படித்துவிடலாம். அடுத்தது அப்படி இல்லை.

மாடசாமிக்குக் கல்யாணம் ஆகி லைனில் என் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தான். பெண்டாட்டி பேச்சியம்மாள், ஆழ்வார்குறிச்சிக்காரி. அதிகம் பேசமாட்டாள், ஆனால் காது கூர்மை. பியூகிள் சத்தம் கேட்டதும் இது சாப்பாட்டுக்கு, இது கூடுகிறதுக்கு, இது விளக்கணைக்க என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவாள். அவன் எங்காவது ஒரு சுரத்தில் தடுக்கினால், வீட்டுக்கு வந்ததும் அதைச் சொல்லிக் காட்டுவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவனுடைய அப்பா சுடலைமுத்து அவ்வப்போது ஊரிலிருந்து நடந்தே வந்து, மகன் ஊதுவதை மைதானத்து ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போவார். இத்தனை பேர் தன் மகன் ஊதினால் எழுந்திருக்கிறார்கள், ஊதினால் படுக்கிறார்கள் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

உலகம் முழுக்கப் பெரிய சண்டை வந்தது. இந்த ஜில்லாப் பிள்ளைகள் பலர் ஒரு ரெஜிமென்டில் சேர்ந்து கப்பலேறினார்கள். அங்கே பியூகிள் ஊத ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் லைனில் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மாடசாமி தானாகக் கை தூக்கினான். ஏன் தூக்கினான் என்று அவனிடம் நான் கேட்கவில்லை. பேச்சியம்மாளைத் தன் அப்பா வீட்டில் விட்டுவிட்டு ரயிலேறினான். கடல் தாண்டிப் பஸ்ரா துறைமுகத்தில் இறங்கினான் என்று தெரிந்தது. அதற்கு அப்பால் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் நடந்த சண்டைக்குப் பிறகு அவனைக் காணவில்லை என்று ஆபீசுக்குத் தகவல் வந்தது. செத்துப்போனான் என்று இல்லை. பிடிபட்டான் என்றும் இல்லை. காணவில்லை, அவ்வளவுதான்.

செத்தான் என்றால் ஒரு வீடு அழும், சடங்கு செய்யும், மெல்ல மெல்ல அடுப்புப் பற்றவைக்கும். காணவில்லை என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வீடு என்ன செய்ய முடியும்? வள்ளியூர்ப் பக்கம் போய்வந்தவர்கள் சொன்னார்கள், அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் பேசிக்கொள்வதே இல்லையாம். மகனுக்குக் காரியம் செய்துவிட வேண்டும் என்று கிழவர் சொல்கிறார். அவள் பதிலே சொல்வதில்லை. பதில் சொல்லாத பெண்ணின் தாலியை எந்தத் தைரியத்தில் கழற்றச் சொல்வது?

இந்தச் சமயத்தில்தான் ஜில்லாப் பெரிய மனிதர்கள் கூடி, நம் பிள்ளைகள் சேர்ந்த ரெஜிமென்டுக்கு ஒரு வெள்ளி பியூகிள் செய்து கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். பியூகிள் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது. கயிறு மட்டும் இங்கே செய்வது என்றார்கள், அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நிறத்துக்கு ஆளுக்கொரு பேச்சு. ஒரு வக்கீல், ஜரிகை வைத்தால்தான் சபையில் எடுபடும் என்றார். எங்கள் இன்ஸ்பெக்டர், இறந்தவர்களுக்கும் சேர்த்துச் செய்கிறதால் கறுப்புதான் முறை என்றார். பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்போடு இருக்கிற தாய்மார் முன்னால் கறுப்பைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொன்னேன். துரை, அதாவது போலீஸ் சூப்பிரண்டு, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாம் ஒரு யோசனை சொன்னார்.

ரெஜிமென்டுக்குப் பிள்ளையை அனுப்பின ஒவ்வொரு வீடும் ஓர் இழை நூல் கொடுக்கட்டும். உயிரோடு இருக்கிறவர் வீடு என்றால் பச்சை, அது ரெஜிமென்டின் நிறம். இறந்தவர் வீடு என்றால் வெள்ளை, அது இந்த ஊரில் துக்கத்தின் நிறம். எல்லா இழையையும் சேர்த்துப் பின்னினால் அதுதான் கயிறு.

நல்ல யோசனை. வக்கீல் கைதட்டினார். எனக்கும் கண் கலங்கியது. பச்சை எத்தனை முழம், வெள்ளை எத்தனை முழம் என்று அப்போதே மனத்துக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். இரண்டு நிறத்துக்கும் நடுவே நிற்கிற வீடு ஒன்று உண்டு என்பது அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

குறித்த நாளில் காலையிலேயே லைன் மைதானத்து வேப்ப மரத்தடியில் மேஜை போட்டு, இரண்டு தாம்பாளத்தில் நூலை வைத்தோம். ஒன்றில் பச்சை, ஒன்றில் வெள்ளை. ஆழ்வார்குறிச்சி, வள்ளியூர் என்று எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் அந்த வீட்டுக்காரர் வந்து தங்கள் இழையை எடுத்து என் கையில் தர வேண்டும். துரை நாற்காலியில் இருக்கிறார், ஒவ்வொருவருக்கும் எழுந்து நிற்கிறார். பச்சை எடுத்தவர்கள் வேகமாக எடுத்தார்கள். வெள்ளை எடுத்தவர்கள் நூலைக் கையில் வைத்துத் தடவிவிட்டுத் தந்தார்கள்.

மாடசாமி பெயரைக் கூப்பிட்டார்கள். சுடலைமுத்து முன்னால் வந்தார், ஆள் பாதியாக இளைத்திருந்தார். பின்னால் பேச்சியம்மாள். மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள், இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஏளா, என்ன பாத்துக்கிட்டு நிக்க? வெள்ளைய எடு," என்றார் கிழவர்.

அவள் அசையவில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து என் காதருகில் சொன்னார்: "காணாமப் போனவன் செத்தவன் இல்லவே. சர்க்கார் இன்னும் சொல்லல. பச்சைதான் முறை. எடுத்து அவ கையில குடும்."

கிழவர் காதில் அது விழுந்துவிட்டது.

"பச்சையா? அப்ப என் மவன் வருவானா? நீரு சொல்லும், வருவானா?"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து தள்ளி நின்றுகொண்டார். கிழவர் என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு முன்னால போனவனுக்குக் கொள்ளி வைக்கலாம், ஏட்டய்யா. கண்காணாத எடத்துல போனவனுக்கு நாமளா சொன்னாத்தான உண்டு? அவன் அங்கன தண்ணி இல்லாம அலையுதான். எனக்குக் காதுல கேக்குது. நானும் போயிட்டேன்னா அவனுக்கு யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துரை நின்றுகொண்டே இருக்கிறார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். என் கை பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருந்தது. எதைத் தொட்டாலும் அது அந்த ஊரில் தீர்ப்பாகிவிடும். பச்சையைத் தொட்டால், தகப்பன் இனிமேல் மகனுக்கு எள்ளும் தண்ணீரும் விட முடியாது. துரை முன்னாலேயே உயிரோடு இருக்கிறான் என்று பச்சை கொடுத்தாயே, இப்போது காரியம் எதற்கு என்பார்கள். வெள்ளையைத் தொட்டால், அவள் ஊர் போய்ச் சேருவதற்குள் தாலி போய்விடும்.

எனக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். அவசரப்பட்டு முடிவு செய்யாமல், அவசரத்தை முதலில் அப்புறப்படுத்த வேண்டும். துரைக்கு ஒரு சலாம் போட்டு, இந்த வீட்டைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னேன். கிழவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி இருவரையும் சாமான் அறைக்குக் கூட்டிப்போனேன். கிழவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளே பேசினாள்.

"அவிய இல்லன்னு எனக்கும் தெரியும், அண்ணாச்சி. மாமா நெனைக்கது மாதிரி நான் ஒண்ணும் கிறுக்கச்சி இல்ல. ஆனா அத என் கையால எடுத்துக் குடுன்னா எப்படிக் குடுப்பேன்? பச்சைய எடுத்தா பொய்யி. வெள்ளைய எடுத்தா நானே கொன்ன மாதிரி."

"நான் எடுக்கட்டுமா தாயி?"

"நீங்க எடுத்தா நீங்க சொன்னதா ஆயிரும். அவிய சாவ நீங்க எதுக்குச் சொல்லணும்?"

கிழவர் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை மாதத்தில் அவள் வாயிலிருந்து 'இல்ல' என்ற சொல்லை அவர் முதன்முதலாக அப்போதுதான் கேட்டிருக்கிறார்.

பிள்ளைகளா, சாமான் அறையில் நாம் கொடுப்பதும் வாங்குவதும் வெறும் சாமான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். வாங்குகிற கை சில சமயம் அதோடு சேர்த்து வேறு எதையோ ஒப்புக்கொள்கிறது. அதை ஒப்புக்கொள்ளச் சொல்ல நமக்கு அதிகாரம் உண்டா என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் நீட்ட வேண்டும். எனக்கு அன்றைக்கு அதிகாரம் இல்லை. துரைக்கும் இல்லை.

திரும்பிப் போய்த் துரையிடம் சொன்னேன், இரண்டு நிறம் நிற்காது, மழை பட்டால் பச்சை இறங்கி வெள்ளையில் ஊறிவிடும், கயிறு முழுக்க ஒரே நிறமாக இருந்தால்தான் நல்லது என்று. அவர் சாமான் அறை வாசலைப் பார்த்தார். அங்கே அவள் நின்றிருந்தாள்.

"ஊறுமா?" என்றார்.

"ஊறும், துரை."

ஊறப்போட்டுச் சோதித்துத்தான் நான் எதையும் வெளியே வைப்பேன் என்பது அவருக்குத் தெரியும், ஆகவே நான் சொன்னது சாக்கு என்பதும் தெரிந்திருக்கும். வெள்ளை கொடுத்தவர்கள் சம்மதித்தால் அப்படியே செய் என்றார்.

அதுதான் கஷ்டமான இடம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மாதிரி இருந்தது. மரத்தடியில் அவர்களைக் கூட்டி, எல்லா நூலையும் ஒன்றாகக் கருநீலத்தில் முக்கிப் பின்னலாமா என்று கேட்டேன். அண்ணனைப் பறிகொடுத்த ஒருவன் எழுந்தான்.

"உசுரோட இருக்கவன் கூட எங்க அண்ணனையும் சேத்துக் கலந்துட்டா, அவன் செத்ததுக்கு என்னவே மதிப்பு? ஒரு வெள்ள நூலு தொங்கக்கூட அவனுக்குக் குடுத்து வைக்கலையா?"

அவன் கேட்டது நியாயம். மகனை இழந்த ஆழ்வார்குறிச்சி அம்மாள் ஒருத்தி அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நீலமா இருந்தா என்ன, வெள்ளையா இருந்தா என்ன, எம் மவன் எந்திரிச்சு வரவா போறான்? அந்தப் பிள்ளையப் போட்டு ஏன் வதைக்கிய? எல்லாத்தையும் ஒண்ணா முக்கி எடும், ஏட்டய்யா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் மறுப்புச் சொல்லவில்லை. தாம்பாளம் இரண்டிலும் மிச்சமிருந்த நூலை ஒரே கூடையில் கொட்டிக் கலந்தேன். கூடையைப் பேச்சியம்மாள் முன்னால் நீட்டினேன். அவள் கையை விட்டு ஓர் இழையை எடுத்து என்னிடம் தந்தாள். அது எந்த நிறம் என்று நான் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

சாயம் முக்கி, அலசி, காயவைத்து, நானும் இரண்டு கான்ஸ்டபிள்களும் உட்கார்ந்து பின்னி, மறுநாள் மத்தியானத்துக்குள் கயிறு தயார். வெயில் உதவி செய்தது. அந்த வெயிலுக்கு நம் ஊரில் குறைச்சல் இல்லை. அழகான கயிறு என்று சொல்ல முடியாது. ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு விதமாகச் சாயம் குடித்திருந்தது. ஆனால் எந்த இழை எந்த வீடு என்று கண்டுபிடிக்க என்னாலேயே ஆகவில்லை.

சாயங்காலம் அணிவகுப்பு. ரெஜிமென்டிலிருந்து வந்த அதிகாரி பியூகிளை வாங்கித் தன் ஆளிடம் கொடுத்தார். கூட்டத்தில் இருந்த பெண்கள் எல்லாருடைய கண்ணும் அந்தக் கயிற்றின் மேல்தான் இருந்தது, தங்கள் இழையைத் தேடிக்கொண்டு. அந்த ஆள் முதலில் கூடுகிறதுக்கு உள்ளதை ஊதினான். கடைசியாக, விளக்கணைக்க ஊதுகிறதை ஊதினான். இறந்தவர்களுக்கும் அதைத்தான் ஊதுவது வழக்கம். நன்றாகத்தான் ஊதினான், பேச்சியம்மாளாலும் குறை சொல்ல முடியாது.

அது முடிந்து எல்லாரும் அப்படியே நின்றிருந்தபோது, பேச்சியம்மாள் மாமனார் பக்கம் திரும்பினாள்.

"மாமா, ஊருக்குப் போறதுக்கு முன்னால ஆத்துக்குப் போயிருவோம்."

கிழவருக்கு முதலில் விளங்கவில்லை.

"எதுக்குளா?"

"நீங்க சொன்னதுக்குத்தான்."

மறுநாள் காலையில் வண்ணாரப்பேட்டைப் பக்கம் தாமிரபரணிக் கரைக்குப் போனோம். துணைக்கு நானும் போனேன். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் மாதிரி உருவம் கட்டி எரிப்பது வழக்கம். சடங்கு செய்கிற பண்டாரம் மணலில் உட்கார்ந்து அதைக் கட்டினார். சின்ன உருவம், ஒரு கைப்பிள்ளை அளவுதான் இருந்தது. பெண்கள் அங்கே வருவதில்லை. பேச்சியம்மாள் வந்தாள், யாரும் தடுக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

கிழவர் முழுகிவிட்டு ஈரத் துணியோடு வந்து நின்றார். கொள்ளியைக் கையில் கொடுத்துவிட்டுப் பண்டாரம் கேட்டார்:

"பேரு சொல்லும்."

இத்தனை நாளும் இதற்காகத்தான் மன்றாடினார் அந்த மனிதர். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. பண்டாரம் பைய இன்னொரு தடவை கேட்டார். கிழவர் அந்தப் புல் உருவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கொள்ளி அவர் கையில் புகைந்துகொண்டிருந்தது. நான் சொல்லலாமா என்று நினைத்தேன். 'நீங்க எதுக்குச் சொல்லணும்?' என்று அவள் கேட்டது நினைவுக்கு வர, நிறுத்திக்கொண்டேன்.

புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்வது நம் பக்கத்தில் கிடையாது. கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைத்தான் சொல்லச் சொல்வார்கள். லைனில் பக்கத்து வீட்டில் இருந்த காலமெல்லாம் அவள் அவனை 'அவிய' என்று சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

அவள் முன்னால் வந்து மாமனாரின் கையைக் கொள்ளியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மாடசாமி," என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படி, தெளிவாகச் சொன்னாள்.

நான் அக்கரையைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன்.